தொட மாட்டேன் என்று சொல்லி வந்தவள்

என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். எனக்கு முதல் எரிச்சலே அதுதான். "இந்தக் காலத்துல இப்டி ஒரு புள்ளையா! பொம்பளப் புள்ளகூட இப்டிப் பாக்காதுப்பா" என்று அடி அண்ணாமலையில் எங்கள் தெருவே சொன்னது. சொன்னவர்களில் ஒருத்தர்கூட, "நீ கொஞ்ச நேரம் வெளிய போயிட்டு வா, நான் உக்காந்துக்கறேன்" என்று சொன்னதில்லை. பாராட்டுக்கு என்ன, காசா பணமா? வாயிருந்தால் போதும்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் குழறிப்போனது. அவள் சொல்வது வீட்டு ஆட்களுக்குத்தான் புரியும். அப்போது வீட்டு ஆள் என்றால் நான் ஒருவன்தான். அப்பா முன்பே போய்விட்டார். அக்கா கல்யாணமாகிச் சென்னையில் இருந்தாள்; தினம் ஃபோன் செய்து, "அம்மாவுக்கு இன்னைக்கு என்ன குடுத்த?" என்று கேட்பாள். கேட்பதோடு சரி.

எனக்கு வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே, ஒரு ஜெராக்ஸ் கடை. காலையில் அம்மாவுக்கு டயபர் மாற்றி, உடம்பு துடைத்து, முதுகுக்குப் பவுடர் போட்டு, இட்லியைப் பிசைந்து ஊட்டி, மாத்திரை கொடுத்து, பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டு பைக்கை எடுப்பேன். மத்தியானம் ஒரு தடவை ஓடி வருவேன். திரும்ப ஓடுவேன். அம்மாவின் இடது கைக்கு எட்டும்படி ஒரு பழைய பட்டன் ஃபோன் வைத்திருந்தேன். ஒரு பட்டனை அழுத்தினால் எனக்கு அடிக்கும். அது அடிக்காதபோதும் அடிப்பதுபோலவே எனக்குக் கேட்கும். ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டே பாக்கெட்டைத் தொட்டுப் பார்ப்பேன். டீக்கடையில் உட்கார்ந்து குடிக்க முடியாது, கால் ஆடிக்கொண்டே இருக்கும். சாமி கும்பிடப் போனாலும் கண்ணை மூடி நிற்க முடியாது. கடைக்கு வருகிறவர்கள், "இன்னா சார், எங்கியோ ரயிலுக்குப் போற மாதிரியே நிக்கிறீங்க?" என்று கேட்பார்கள். எந்த ரயிலும் எனக்காக வரப்போவதில்லை என்று எனக்கே தெரியும். ஆனாலும் நிற்க முடியவில்லையே, என்ன செய்ய?

வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அக்கா எனக்குப் பெண் தேடினாள். தேடிய லட்சணத்தைச் சொல்ல வேண்டும். தரகரிடம் அவள் சொன்னது இதுதான்: "படிச்சிருக்கணும்னு இல்ல, செவப்பா இருக்கணும்னு இல்ல. பொறுமையான பொண்ணா இருக்கணும். எங்கம்மாவ நல்லாப் பாத்துக்கணும். வேற ஒன்னுமே வேணாம்." தரகர் வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து என்னிடம் தனியாகச் சொன்னார்: "தம்பி, உனுக்குப் பொண்ணு தேடச் சொன்னா தேடலாம். உங்கக்கா கேக்கற ஆளுக்கு ஆஸ்பத்திரிக்கிதான் போவணும்." எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவுக்குக் கோபம் வந்து அந்தத் தரகரை மாற்றிவிட்டாள். அடுத்தவரும் கைவிரித்தார். படுத்த படுக்கையாக மாமியார் இருக்கிற வீட்டுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? பெற்றவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

இப்படி இருக்கும்போதுதான் நைட்டிப் பிரச்சினை வந்தது. படுத்திருக்கிறவர்களுக்குத் தலைவழியாக நைட்டி மாட்டுவது இருக்கிறதே, அது எமன் வேலை. வலது கையைத் தூக்கினால் அம்மா வலியில் அலறுவாள். நான் பாதி மாட்டிவிட்டு வியர்த்துப்போய் நிற்பேன். முன்பக்கம் ஜிப் வைத்ததை வாங்கிப் பார்த்தேன், அதிலும் கை நுழையவில்லை. என் கடைக்கு இரண்டு கடை தள்ளி ஒரு தையல் கடை. பிளவுஸ், சுடிதார் தைக்கிற கடை, உள்ளே எப்போதும் பெண்கள் கூட்டம். வெளியே நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

மிஷினில் உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "இன்னா சார், ஜெராக்ஸ் மிஷினு ரிப்பேரா? என்னுது தையல் மிஷினு."

உள்ளே இருந்த பெண்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் கடுத்தது. "நைட்டி தைக்கணும்" என்றேன்.

"யாருக்கு?"

"அம்மாவுக்கு. படுத்தே இருக்காங்க. கை வராது."

சிரிப்பு நின்றது. அவள் எழுந்து வெளியே வந்தாள். "எந்தக் கை? தோளே தூக்க முடியாதா, முழங்கை மட்டுமா? சாச்சு வெச்சா உக்காருவாங்களா?" என்று கேட்டாள். மூன்று நாளில் ஒரு நைட்டி கொடுத்தாள். முதுகுப் பக்கம் முழுக்கத் திறப்பு, முடிச்சு முதுகில் அழுத்தாமல் இடுப்பின் பக்கவாட்டில் நாடா, வலது தோளில் பிரித்து ஒட்டுகிற பட்டை. அன்றைக்கு அம்மா கத்தாமல் துணி மாற்றிக்கொண்டாள். நான் பாத்ரூமில் போய் நின்று கொஞ்சம் அழுதேன். அழுவதற்கும் எனக்கு நேரம் கிடையாது, அடுப்பில் பால் இருந்தது.

அதற்குப் பிறகு அந்தக் கடைக்குப் போவதற்குக் காரணம் தேடினேன். இன்னும் நான்கு நைட்டி தைத்தேன். தலையணை உறை தைத்தேன். ஜன்னலுக்குத் திரை தைத்தேன். வீட்டில் தைக்கத் துணியே இல்லாமல் போனபோது பழைய பேண்டைக் கொண்டுபோய்க் காய்கறிப் பை தைக்கக் கொடுத்தேன். அவள் அந்தப் பேண்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏன் சார், அடுத்த வாரம் இன்னா கொண்டார்றதா உத்தேசம்? லுங்கியா?" என்றாள். திருட்டு முழி முழித்தேன். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது. அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை, பையைத் தைத்துக் கொடுத்தாள், பிடிக்கிற காதுக்குக் கெட்டித் துணி வைத்து.

எனக்கு அவளைப் பிடித்துப்போனதற்குக் காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. அவள் என்னைப் பாராட்டவில்லை. ஒரு தடவைகூட, "எவ்ளோ நல்ல புள்ளை நீங்க" என்று சொன்னதில்லை. "முதுகு வலிக்குதா? குனிஞ்சு தூக்காதீங்க, முட்டி போட்டுத் தூக்குங்க" என்றாள். என் முதுகைப் பற்றி அதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. அந்த ஒரு கேள்விக்கே நான் கவிழ்ந்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் மத்தியானம், கடையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய்க் கேட்டுவிட்டேன். எப்படிக் கேட்டேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. "எங்க வீட்டுக்கு வந்துடறீங்களா?" என்றேன். வாடகைக்கு ஆள் கேட்பதுபோல.

அவள் கத்தரியைக் கீழே வைத்தாள். "உங்கள எனக்குப் புடிச்சிருக்கு. அத மறைக்கறதுக்கு ஒன்னும் இல்ல. ஆனா ஒன்னு சொல்லிட்றேன், கேட்டுக்குங்க" என்றாள். அன்றைக்குத்தான் அவள் கதை எனக்குத் தெரிந்தது. போளூர்ப் பக்கம் ஒரு ஊரில் அவளைக் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். போன கொஞ்ச நாளில் மாமியார் விழுந்துவிட்டாள். இளமை முழுக்க அந்த அம்மாளை இவள்தான் பார்த்தாள். மாமியார் காரியம் முடிந்தது. அதற்குள் புருஷன் வேறொருத்தியைச் சேர்த்துக்கொண்டிருந்தான். குழந்தை இல்லை என்று ஒரு சாக்கு. "வேலை முடிஞ்சிது, நீ போயிட்டு வான்னு அனுப்பிட்டாங்க சார். அவ்ளோதான். கோர்ட்டுல டைவர்ஸும் ஆயிடுச்சி" என்றாள்.

பிறகு சொன்னாள்: "அதனால சொல்றேன். பீ மூத்திரம் அள்றது, குளிப்பாட்றது, துணி மாத்தறது, இதுல நான் கை வைக்க மாட்டேன். சமைப்பேன், பேசுவேன், அவங்ககூட உக்காருவேன். அது மட்டும் முடியாது. ஒரு ஆயுசுக்கு உண்டானத செஞ்சி முடிச்சிட்டேன். பொண்டாட்டி வேணும்னா சொல்லுங்க, வரேன். ஆயா வேணும்னா வேற எடம் பாருங்க."

எனக்குச் சுருக்கென்றது. "நான் ஆயா கேட்டனா உங்கள?" என்று கத்தினேன்.

"கேக்கல. நெனச்சீங்க" என்றாள்.

கோபத்தில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். ஒரு கால் செருப்பு அவளுடையது, திரும்பப் போய் வைத்துவிட்டு வர வேண்டியதாகிவிட்டது. கோபமாக வெளியேறுவதற்குக்கூட ஒரு கொடுப்பினை வேண்டும்.

அதற்கப்புறம் நான் பட்ட பாடு! அவள் கடையைத் தாண்டாமல் இருக்கப் பின்பக்கச் சந்து வழியாகச் சுற்றிப் போனேன். அம்மாவுக்கு ஊட்டும்போது அவளைத் திட்டினேன், மனசுக்குள். என்ன திமிர்! பெற்ற தாய் மாதிரி ஒருத்தி கிடக்கும்போது எப்படி ஒருத்தி அப்படிச் சொல்வாள்? அப்புறம் அம்மாவைப் புரட்டிப் போட்டு முதுகைத் துடைக்கும்போது, நான் நினைத்தது உண்மைதானே என்று தோன்றும். கல்யாணம் என்று யோசித்தபோதெல்லாம் என் கண்முன் வந்தது என்ன? காலையில் நான் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், உள்ளே அவள் அம்மாவுக்கு டயபர் மாற்றிக்கொண்டிருப்பாள். அதுதானே வந்தது! அக்கா வாய்விட்டுக் கேட்டாள், நான் வாயை மூடிக்கொண்டு கேட்டேன். அவ்வளவுதான் வித்தியாசம். இது தெரிந்ததும் அவள்மேல் இருந்த கோபம் ஜாஸ்தியானதே தவிரக் கம்மியாகவில்லை. உண்மையைச் சொல்கிறவர்களை யாருக்குப் பிடிக்கும்?

இந்த முடிச்சை அவிழ்த்தது ஒரு குரங்கு. எங்கள் பக்கம் மலையிலிருந்து குரங்குகள் இறங்கி வரும், அது புதிதில்லை. ஒருநாள் மத்தியானம் சோறு எடுத்துவர அடுப்படிக்குப் போயிருந்தேன். ஜன்னல் வழியாக ஒரு குரங்கு உள்ளே வந்து, அம்மா கட்டிலில் இருந்த வாழைப்பழத்தை விட்டுவிட்டு டிவி ரிமோட்டைத் தூக்கிக்கொண்டது. சரியாக அவளுடைய சீரியல் ஓடுகிற நேரம். "பேமானி!" என்று ஒரு சத்தம். நான் தட்டோடு ஓடி வந்தேன். அம்மாதான். பக்கவாதம் வந்த நாளிலிருந்து ஒரு வார்த்தை சுத்தமாக வாயில் வந்ததில்லை. அன்றைக்கு அந்த ஒரு வார்த்தை மணி மணியாக வந்தது. குரங்கு ரிமோட்டைப் போட்டுவிட்டு ஓடியே போய்விட்டது. அம்மாவுக்கே ஆச்சரியம். திரும்பச் சொல்லிப் பார்த்தாள், குழறியது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அம்மாவும் ஒரு பக்க வாயால் சிரித்தாள்.

சிரித்து முடித்ததும் இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று துடித்தது. அக்காவிடம் சொன்னால், "ஜன்னலுக்கு வலை அடிக்க மாட்டியா?" என்பாள். தெருவில் சொன்னால், "அய்யோ பாவம்" என்பார்கள். சொன்னால் சரியாகச் சிரிக்கக்கூடிய ஆள் இந்த உலகத்தில் ஒருத்திதான் இருந்தாள். அம்மாவுக்குச் சோறு ஊட்டி, வாய் துடைத்து, பைக்கை எடுத்துக்கொண்டு வேங்கிக்காலுக்குப் போனேன். கடையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள், கவலைப்படவில்லை. நின்றபடியே குரங்குக் கதையைச் சொன்னேன். அவள் மிஷின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை. சிரிப்பு அடங்கியதும், "நீங்க சொன்னதுக்கு எனக்குச் சம்மதம்" என்றேன். அந்தப் பெண்கள் பிளவுஸ் பேரம் என்று நினைத்திருப்பார்கள்.

"மொதல்ல உங்க அக்காகிட்டச் சொல்லுங்க" என்றாள் அவள்.

சொன்னேன். ஃபோனில் அக்கா குதித்தாள். "அம்மாவத் தொட மாட்டாளாமா? அப்புறம் எதுக்குடா அவ?"

"எனக்குக்கா" என்றேன்.

அக்கா ஃபோனை வைத்துவிட்டாள். கல்யாணத்துக்கு வந்தாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. ஊர்க் கோயிலில் தாலி கட்டி, நேராக வீட்டுக்கு வந்து அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றோம். அம்மா இடது கையால் இவள் கன்னத்தைத் தடவினாள். இவள் போட்டிருந்த நிபந்தனையை நான் அம்மாவிடம் சொல்லவே இல்லை. எப்படிச் சொல்வது?

அவள் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினாள். காலையில் நான் அம்மாவுக்குச் செய்கிற நேரம் அறைக்கு வெளியே இருப்பாள். வெந்நீர் போட்டு வாசலில் வைப்பாள், அதற்கு மேல் உள்ளே வர மாட்டாள். எல்லாம் முடிந்து ஊதுவத்தி ஏற்றிய பிறகு வந்து உட்கார்ந்து இட்லி ஊட்டுவாள். மத்தியானங்களில், கடையிலிருந்து வீட்டுக்கே மாற்றிவிட்ட தையல் மிஷினை அம்மா அறையிலேயே போட்டுக்கொண்டு தைத்தாள். இரண்டு பேரும் சீரியல் பார்த்துச் சண்டை போடுவார்கள். அம்மாவின் குழறல் கொஞ்ச நாளிலேயே அவளுக்குப் புரிய ஆரம்பித்துவிட்டது. சில சமயம் எனக்குப் புரியாததை அவள் எனக்குச் சொல்வாள். எனக்கு அதில் பொறாமைகூட வந்தது. தெருவில் வேறு பேச்சு. "மருமவ கை வைக்கறதில்லியாமே? அந்தப் பையன்தான் இன்னும் அள்றானாமே?" பாராட்டியவர்களே இப்போது பரிதாபப்பட்டார்கள். இரண்டுமே எனக்குக் குமட்டியது.

அவள் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். அக்காவுக்கு ஃபோன் போட்டு, "அண்ணி, மாசம் ஒரு ஞாயித்துக்கெழம நீங்க வந்து அத்தையப் பாத்துக்குங்க. நாங்க வெளிய போயிட்டு வரோம்" என்றாள். இத்தனை நாளும் அக்காவிடம் அதைக் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அக்கா மறுக்க வழியில்லாமல் வந்தாள். நாங்கள் பஸ்ஸில் சாத்தனூர் அணைக்குப் போனோம். பூங்காவில் உட்கார்ந்தோம். எனக்கு உட்காரத் தெரியவில்லை. எழுந்தேன், நடந்தேன், ஃபோனைப் பார்த்தேன், சிக்னல் இருக்கிறதா என்று பார்த்தேன். அவள் ஃபோனைப் பிடுங்கித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, "அடிச்சா நான் எடுக்கறேன். மீனத் தின்னுங்க" என்றாள். பொரித்த மீன், மேலே வெங்காயம், எலுமிச்சம்பழம். முள்ளை எடுத்து எடுத்து என் இலையில் வைத்தாள். சாயங்காலம் அணைத் தண்ணீர்மேல் காற்று வந்தபோது, நான் சந்தோஷமாக இருக்கிறேன் என்று தெரிந்தது. தெரிந்த உடனே பயமும் வந்தது. வீட்டில் என்ன ஆகியிருக்குமோ என்று திரும்பக் கால் ஆட ஆரம்பித்தது.

ஒன்றும் ஆகியிருக்கவில்லை. அக்காதான் களைத்துப்போய், தலை கலைந்து, சுவரில் சாய்ந்து கிடந்தாள். "எப்டிடா தெனம் பண்ற?" என்று கேட்டாள்.

இப்படியே போயிருக்கும், அந்தப் பௌர்ணமி வராமல் இருந்திருந்தால். எங்கள் வீடு கிரிவலப் பாதையிலேயே இருப்பதால் பௌர்ணமியன்று நான் எங்கேயும் போவதில்லை. வண்டியை விட மாட்டார்கள், வாசலைத் தாண்டவே வழி இருக்காது. அந்த மாதம் ஏதோ பரீட்சைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள், கடையில் ஒரே கூட்டம். மத்தியானத்துக்குள் மூடிவிட்டு வந்துவிடலாம் என்று போனேன். அன்று விடுமுறையும் சேர்ந்துகொண்டதால் ஜனம் காலையிலிருந்தே குவிந்துவிட்டது. வழக்கத்தைவிட முன்னாலேயே தடுப்பு போட்டுவிட்டார்கள். அப்போது ஃபோன் அடித்தது. அவள்.

"அத்தைக்கு வயித்தால போவுது. ரெண்டு மூணு தடவை ஆயிடுச்சி. டயபர் தாங்கல. பெட்டெல்லாம் ஆயிடுச்சி. சீக்கிரம் வாங்க."

"நீ கொஞ்சம்…" என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் சொல்லவில்லை. அவள் ஃபோனை வைத்துவிட்டாள்.

பைக்கைத் தடுப்புக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு நடந்தேன். இங்கே ஒன்று சொன்னால்தான் என் அவஸ்தை புரியும். கிரிவலம் என்றால் மலையை வலப்பக்கமாக வைத்துக்கொண்டு சுற்ற வேண்டும். வேங்கிக்கால் பக்கமிருந்து என் வீட்டுக்குக் கிட்டத்து வழி, அதே பாதையில் எதிர்த்திசை. லட்சக்கணக்கான ஜனம் ஒரு பக்கமாக வருகிறது, நான் ஒருத்தன் அதற்கு எதிரே போகிறேன். எதிரே போவது பாவம் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். "யோவ், எதிர்ல வரியே, அறிவிருக்கா?" "ஏம்பா, வலமா போப்பா!" தெலுங்கில் ஓர் அம்மாள் என்னைக் கைகாட்டித் தன் புருஷனிடம் ஏதோ சொன்னாள், அவர் என் தோளைப் பிடித்துத் திருப்பியே விட்டார். வழி தவறிவிட்டேன் என்று நினைத்திருக்கிறார், நல்ல மனிதர். கையெடுத்துக் கும்பிட்டு உதறிக்கொண்டு நடந்தேன். குபேர லிங்கக் கோயிலுக்கிட்டே நகர முடியவில்லை. நசுக்கினார்கள், மிதித்தார்கள். போலீஸ்காரர் ஒருவர் விசில் அடித்து விரட்டினார். "அம்மாவுக்கு முடியல சார்" என்று கத்திக்கொண்டே கயிற்றுக்குக் கீழே குனிந்து ஓடினேன்.

உடம்பு இடிபட்டது பெரிதில்லை. உள்ளே ஓடியதுதான் என்னைக் கொன்றது. அம்மா அதிலேயே கிடக்கிறாள். பக்கத்தில் இரண்டு கையும் நல்லா இருக்கிற ஒருத்தி இருக்கிறாள். இன்றைக்குக்கூடவா செய்ய மாட்டாள்? நிபந்தனை நிபந்தனைதான், நானும் ஒத்துக்கொண்டேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் ஆபத்துக்குப் பாவம் உண்டா? ஒரு தெரியாத ஆளாக இருந்தாலும் துடைத்துவிட மாட்டாளா? அரோகரா சத்தம் காதைக் கிழிக்கக் கிழிக்க, நான் அவளோடு சண்டை போட்டுக்கொண்டே நடந்தேன். பாதி வழியில் முடிவே செய்துவிட்டேன். இன்றைக்கு அவள் கை வைக்காமல் இருந்தால், நாளைக்கு அவள் அந்த வீட்டில் இருக்கக் கூடாது. தையல் மிஷினைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றிவிட வேண்டியதுதான். சாமி, அவளைக் கை வைக்க வை என்று அந்த மலையைப் பார்த்து வேண்டிக்கொண்டேன், எதிர்த்திசையில் போய்க்கொண்டே.

வீட்டு வாசலிலேயே நாற்றம் தெரிந்தது. அப்படியென்றால் அவள் செய்யவில்லை. என் தலை சூடேறிவிட்டது. கதவை உதைத்துத் திறந்துகொண்டு உள்ளே போனேன்.

கட்டிலுக்குப் பக்கத்தில் அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். புடவையைத் தூக்கி இடுப்பில் சொருகியிருந்தாள். வெந்நீர் பக்கெட், பழைய துணி, சோப்பு, மாற்று நைட்டி, கையுறை எல்லாம் வரிசையாக எடுத்து வைத்திருந்தது. ஒரு கையில் உறை மாட்டியிருந்தாள். இன்னொரு கையின் மணிக்கட்டை அம்மா பிடித்துக்கொண்டிருந்தாள், தன்னுடைய அந்த ஒரே நல்ல கையால். இவள் முகம் அழுது வீங்கியிருந்தது.

நான் வாயைத் திறந்தேன். அம்மா முந்திக்கொண்டாள்.

"அவளத் திட்டாத. நாந்தான் வுடல."

குழறல்தான். ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் எனக்குப் புரிந்தது.

"சத்தியமா செய்யப் போனேன்" என்று இவள் விக்கினாள். "உங்களுக்கு ஃபோன் பண்ணி வெச்ச ஒடனே போனேன். கையப் புடிச்சிட்டாங்க. எவ்ளோ கெஞ்சியும் வுடல. எனக்கு இழுக்க மனசு வரல, அந்தக் கையும் போயிடுமோன்னு…"

"அவ மொதல் வாரமே எங்கிட்டச் சொல்லிட்டா" என்றாள் அம்மா. மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள். "நீதான் சொல்லல. நான் எம் மாமியாருக்கு அள்ளனேன். உனுக்கு இஷ்டமாடின்னு எவனும் கேக்கல. உங்கப்பனும் கேக்கல. இவ ஒருத்தி கேட்டு வாங்கினு வந்தா. அத எம் பீயால கெடுக்கறதா? சொன்னா சொன்னதுதான். நீ வர்ற வரைக்கும் கெடந்தா நான் செத்தா போயிடுவேன்?"

அம்மா அவள் மணிக்கட்டை விட்டாள். அங்கே விரல் பதிந்து சிவந்திருந்தது. "நீ போ வெளிய" என்று அவளை அனுப்பினாள். அவள் கையுறையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே அடுப்படிக்குப் போனாள்.

நான் கை கழுவிக்கொண்டு வந்து வேலையை ஆரம்பித்தேன். வெளியே அரோகரா சத்தம் ஓயவில்லை. அம்மாவைப் புரட்டித் துடைத்தேன், விரிப்பை உருவினேன், முதுகுப்புண் வந்துவிடக் கூடாதே என்று பார்த்துப் பார்த்துக் கழுவினேன். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்றவள், அவளுக்கு என்ன தெரியாது?

"அவள அனுப்பிடலாம்னு நெனச்சினு வந்தியா?" என்று மெதுவாகக் கேட்டாள், அடுப்படிக்குக் கேட்காதபடி.

நான் தலையைக் குனிந்துகொண்டு துணியைப் பிழிந்தேன்.

"அனுப்பிப் பாரு" என்றாள் அம்மா. "நானும் அவகூடவே கெளம்பிப் போயிடுவேன்."

ஒருக்களித்துப் படுக்கவே என் கை வேண்டும் அவளுக்கு. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது, இரண்டு கையிலும் உறை, கண்ணைத் துடைக்க முடியவில்லை. "போவ நீ?" என்றேன்.

"போவேன்" என்றாள் அம்மா. "இப்ப சீக்கிரம் மாட்டுடா அந்த நைட்டிய, குளுருது."